விட விரும்புகிறவருக்கு யார் செலவு செய்வது?

புகையிலைப் பழக்கமும் உள்ளாட்சிப் பணமும்: ஒரு பாடம்



இந்தப் பக்கங்களில் வழக்கமாக நம் ஊழியத்தின் ஏதாவது ஒரு பகுதியை எடுத்து ஆராய்வோம். இந்த இதழில் சற்று வித்தியாசமான பொருளை எடுத்திருக்கிறோம். பீடி, சிகரெட், வாயில் அடக்கும் புகையிலை ஆகியவற்றை விட்டுவிட விரும்புகிற ஒருவருக்கு உதவி செய்ய ஆகும் செலவை யார் ஏற்பது என்பதே அது. எங்களுக்கு வரும் கடிதங்களில் இதைப் பற்றி இரண்டு விதமான கேள்விகள் வருகின்றன. தம்முடைய காணிக்கை ஏழை நோயாளிகளின் மருந்துக்கே போகவேண்டும், தானாகவே பீடி குடித்து உடம்பைக் கெடுத்துக்கொண்டவருக்குப் போகக்கூடாது என்பது ஒன்று. இது அரசாங்கம் செய்யவேண்டிய வேலை, இதை மிஷன் ஏன் இழுத்துத் தலையில் போட்டுக்கொள்கிறது என்பது மற்றொன்று. இரண்டும் நியாயமான கேள்விகளே. இரண்டாவது கேள்விக்கு விடை தேடிப் போனால் முதலாவதும் வேறு விதமாகத் தெரிய ஆரம்பிக்கிறது.

வார்டில் காண்பது

கால்விரல் கறுத்துப்போய் படுக்கையில் இருக்கிற ஆண்கள் எல்லாரும் சர்க்கரை வியாதிக்காரர்கள் என்று நினைத்துவிட வேண்டாம். கை கால்களிலுள்ள சிறு ரத்தக் குழாய்கள் வீங்கி அடைத்துக்கொள்ளும் ஒரு நோய் உண்டு. மருத்துவர்கள் அதற்குப் புர்கர் நோய் என்று பெயர் சொல்லுகிறார்கள். பெரும்பாலும் நாற்பத்தைந்து வயதுக்கு உட்பட்ட, பீடி பிடிக்கிற கூலிக்காரர்களையே அது பிடிக்கிறது. பீடியை அடியோடு விட்டால் காலைக் காப்பாற்ற வழி உண்டு. விடாவிட்டால் முதலில் விரல், அப்புறம் பாதம், அப்புறம் முழங்காலுக்குக் கீழே என்று வெட்டு ஏறிக்கொண்டே போகும். இப்படிப்பட்டவருக்கு மருத்துவர் சொல்லும் முதல் சிகிச்சை, "இன்றோடு விடு" என்பதுதான். அதை எப்படி விடுவது என்று சொல்லிக்கொடுக்கத்தான் ஆள் வேண்டியிருக்கிறது.

படுக்கை ஓரமாக உட்கார்ந்து பேசுகிறபோது இவர்கள் சொல்வதை ஏறக்குறைய ஒரே வாக்கியமாக எழுதிவிடலாம். "ஐயா, இந்தச் சனியன விட்டுடணும்னு பத்துத் தடவ நெனச்சிட்டேன். காலையில ஒண்ணு இழுக்கலன்னா வெளிக்கே போவ மாட்டேங்குது. மூணாம் நாள் கை நடுங்குது, யாரப் பாத்தாலும் அடிக்கலாம்போலக் கோவம் வருது. அப்புறம் ஒரே ஒரு கட்டுன்னு வாங்கிடறேன்."

இதில் பொய் எதுவும் இல்லை. இழுத்த புகையிலுள்ள நிகோடின் பத்து இருபது வினாடிக்குள் மூளைக்குப் போய்விடுகிறது. பல வருடம் அப்படிப் பழகிய மூளை, அது கிடைக்காதபோது கலகம் செய்கிறது. அந்தக் கலகம் இரண்டு, மூன்றாம் நாளில் உச்சத்துக்குப் போய், இரண்டிலிருந்து நான்கு வாரத்துக்குள் படிப்படியாக அடங்கும். நோயாளி சொல்லுகிற மூன்றாம் நாளும் மருத்துவப் புத்தகம் சொல்லுகிற மூன்றாம் நாளும் ஒன்றே. குடலின் அசைவையும் நிகோடின் தூண்டுகிறபடியால், மலச்சிக்கலைப் பற்றி அவர் சொல்வதும் உண்மை. இதையெல்லாம் முன்கூட்டியே ஒருவர் சொல்லிவைத்திருந்தால், மூன்றாம் நாள் வந்தபோது தனக்கு ஏதோ ஆகிவிட்டது என்று அவர் பயந்திருக்கமாட்டார்.

எந்த உதவியும் இல்லாமல் மனவுறுதி ஒன்றை மட்டும் நம்பி விடுகிறவர்களில், நூற்றுக்கு மூன்று முதல் ஐந்து பேர்தான் ஆறு மாதம் ஒரு வருடம் என்று தாக்குப்பிடிக்கிறார்கள். மருத்துவர் இரண்டு நிமிடம் உட்கார்ந்து அக்கறையாகப் பேசினால் நூற்றுக்கு ஒருவர் முதல் மூவர் வரை கூடுதலாக விடுகிறார்கள். நிகோடின் சூயிங்கம், தோலில் ஒட்டும் பட்டை போன்றவற்றைக் கொடுத்தால் வெற்றி ஒன்றுக்கு ஒன்றரை மடங்காகிறது. மருந்தோடு, சில வாரங்கள் தொடர்ந்து சந்தித்துப் பேசுகிற ஒருவரும் இருந்தால் பலன் இன்னும் அதிகம். அப்போதும் பெரும்பாலோர் முதல் தடவையில் தோற்கத்தான் செய்கிறார்கள். ஆகவே தோற்றவர் வெட்கப்படாமல் திரும்பி வருவதற்கு ஓர் இடம் இருக்கவேண்டும். மெய்ப்பொருள் அதில்தான் இருக்கிறது.

சூயிங்கத்தைப் பற்றி ஒரு வார்த்தை. மிட்டாய்போல விடாமல் மென்றால் விக்கலும் குமட்டலும்தான் மிஞ்சும். மெதுவாக மென்று, நாக்கில் காரம் தெரிந்தவுடன் கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவே ஒதுக்கிவைத்து, காரம் அடங்கினபின் மறுபடியும் மெல்ல வேண்டும். ஆறு வாரம் வரையில் ஒரு மணி, இரண்டு மணி நேரத்துக்கு ஒன்று, அப்புறம் குறைத்துக்கொண்டே வந்து மூன்று மாதத்தில் நிறுத்த வேண்டும். இதைச் செய்துகாட்ட ஒரு செவிலியருக்குப் பத்து நிமிடம் போதும். காட்டாவிட்டால் வாங்கிய அட்டை தலைமாட்டில் கிடக்கும்.

சத்திரக்காரனின் கணக்கு

தானாகக் கெட்டவனுக்கு ஏன் என்ற கேள்விக்கு லூக்கா 10ஆம் அதிகாரத்திலுள்ள சமாரியன் உவமையை ஒருமுறை மெதுவாகப் படித்துப்பார்க்கும்படி கேட்டுக்கொள்கிறோம். கள்ளர் நடமாடுகிற வழியில் நீ ஏன் தனியே போனாய் என்று அடிபட்டவனை யாரும் விசாரித்ததாக அங்கே இல்லை. நாம் வழக்கமாகக் கவனிக்காமல் விட்டுவிடுகிற இன்னொரு விவரமும் அதில் உண்டு. எண்ணெயும் திராட்சரசமும் வார்த்துக் காயம் கட்டியது அந்த நேரத்துச் செலவு. மறுநாள் சத்திரக்காரனிடத்தில் இரண்டு காசு கொடுத்ததும், மேற்கொண்டு ஆவதைத் திரும்பி வரும்போது தருவதாகச் சொன்னதும் பராமரிப்புச் செலவு. ஒருவர் குணமாகிற வரைக்கும் அவரை வைத்துப் பார்த்துக்கொள்ள ஒரு சத்திரம் வேண்டும், சத்திரத்துக்குக் கணக்கு வேண்டும், அந்தக் கணக்கைத் தீர்க்கிறவர் வேண்டும். காணிக்கையாளராகிய நாம் எண்ணெய் வார்ப்பதில் கெட்டிக்காரர்கள். அறுவை சிகிச்சைக்கு என்று அறிவித்தால் பணம் வருகிறது. ஆறு மாதம் வாரந்தோறும் வந்து போகிற ஒருவரோடு பேசிக்கொண்டிருக்கும் செவிலியரின் சம்பளத்துக்கு என்று அறிவித்தால் பை கனப்பதில்லை.

இதில் சபையாருக்கும் பங்கு உண்டு என்று சொல்லாமல் விடமுடியாது. பீடி பிடிப்பதைப் பாவமென்று பீடத்திலிருந்து கண்டிக்கிறோம். ஆராதனை மணி அடிக்கிறவரையில் மதில் சுவருக்குப் பின்னால் நிற்கிறவர்கள் யார் என்று மூப்பருக்குத் தெரியும். சில ஊர்களில் மூப்பரே அங்கே நிற்கிறார். கண்டிப்புக்குப் பயந்து மறைக்கிறவர் உதவி கேட்டு வரமாட்டார்.

டெல்லியிலிருந்து வருவது எவ்வளவு தூரம் வருகிறது?

அரசாங்கம் ஒன்றுமே செய்யவில்லை என்று சொன்னால் அது பொய்ச்சாட்சி. 2002இல் உலக சுகாதார நிறுவனமும் மத்திய அரசும் சேர்ந்து நாடெங்கும் 13 புகையிலை நிறுத்த உதவி மையங்களைத் தொடங்கியபோது, சென்னை அடையாறு புற்றுநோய் மருத்துவமனையும் அவற்றில் ஒன்றாக இருந்தது. 2003இல் புகையிலைச் சட்டம் வந்தது. 2007-08இல் தேசியப் புகையிலைக் கட்டுப்பாட்டுத் திட்டம் ஆரம்பமானது. மாவட்டந்தோறும் ஒரு கட்டுப்பாட்டுப் பிரிவு என்பது அதன் அமைப்பு. 2008 அக்டோபர் 2 முதல் பொது இடத்தில் புகைபிடித்தால் 200 ரூபாய் வரை அபராதம். 2016இல் 1800-11-2356 என்ற கட்டணமில்லாத் தொலைபேசி உதவி ஏற்பட்டது. 2018 செப்டம்பர் முதல் அந்த எண்ணை எல்லாப் புகையிலைப் பொட்டலத்திலும் அச்சிட வேண்டும் என்றார்கள். 2022இல் நிகோடின் மாற்று மருந்துகள் தேசிய அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலேயே சேர்க்கப்பட்டுவிட்டன.

இவ்வளவும் நல்லதே. ஆனால் திருப்பாதிரிப்புலியூர் பேருந்து நிலையத்தருகே ஒரு பெட்டிக்கடையில் நின்று கொஞ்ச நேரம் பாருங்கள். வாங்குகிறவர் ஒரு சிகரெட்டு, அல்லது நாலு பீடி என்று கேட்கிறார். அதைக் கயிற்று நெருப்பில் பற்றவைத்துக்கொண்டு போய்விடுகிறார். பொட்டலம் கடைக்காரர் கையிலேயே இருக்கிறது. அதிலுள்ள எண்ணையும் பயங்கரமான படத்தையும் நாள் முழுவதும் பார்ப்பவர் கடைக்காரர் ஒருவரே!

2009-10இல் எடுத்த தேசிய அளவிலான கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் பெரியவர்களில் 16.2 சதவீதம் பேர் ஏதோ ஒரு விதத்தில் புகையிலை பயன்படுத்தினார்கள். 2016-17இல் அதே கணக்கெடுப்பை மறுபடியும் எடுத்தபோது அது 20.0 சதவீதமாகியிருந்தது. இந்தியா முழுவதுமாகப் பார்த்தால் அதே காலத்தில் 34.6லிருந்து 28.6ஆகக் குறைந்திருந்தது. நாடு இறங்கியபோது நம் மாநிலம் ஏறியிருக்கிறது. அதே கணக்கெடுப்பில், புகைபிடிக்கிற இந்தியரில் பாதிக்கு மேற்பட்டோர் (55.4 சதவீதம்) விட்டுவிட எண்ணுகிறோம் என்றோ திட்டமிடுகிறோம் என்றோ சொன்னார்கள். விரும்புகிறவர்களுக்குப் பஞ்சமில்லை. அந்த விருப்பத்தை எங்கே கொண்டுபோய்ச் சேர்ப்பது என்பதுதான் பிரச்சினை.

இன்னொன்றையும் இங்கே சொல்ல வேண்டும். தமிழ்நாட்டில் புகைபிடிப்பவர்களும் புகையிலையை வாயில் போடுகிறவர்களும் ஏறத்தாழ சரிசமமாக இருக்கிறார்கள். சுருக்குப் பையில் வெற்றிலையோடு புகையிலைக் காம்பையும் வைத்திருக்கிற பாட்டியும், உதட்டுக்குள் பொட்டலத்தை அடக்கிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போகிற பையனும் இந்தக் கணக்கில் உண்டு. குட்கா போன்றவற்றைத் தமிழக அரசு 2013 முதல் ஆண்டுக்கு ஆண்டு ஆணை போட்டுத் தடைசெய்து வந்திருக்கிறது. தடைசெய்த பொருளை உபயோகிக்கிறவர் உதவி கேட்டு வெளியே வருவது இன்னும் கஷ்டம். ஆகவே "புகை" என்று மட்டும் பலகை எழுதிவைத்தால் பாதிப்பேர் தங்களுக்கு இல்லை என்று தாண்டிப் போய்விடுவார்கள்.

காசு போகும் வழி

ஒரு கட்டு பீடிக்கும் ஒரு பாக்கெட் சிகரெட்டுக்கும் கொடுக்கிற விலையில் வரி இருக்கிறது. அந்த வரி டெல்லிக்கும் சென்னைக்கும் போகிறது. பழக்கத்தால் வருகிற வியாதி மட்டும் நம் ஊரிலேயே தங்கிவிடுகிறது. மாநகராட்சிக்குச் சொத்து வரி வரும், தொழில் வரி வரும், கடை உரிமக் கட்டணம் வரும், மாநிலத்தின் பங்கும் மத்திய நிதிக் குழுவின் மானியமும் வரும். புகையிலை வரி என்று பெயர் எழுதி ஒரு காசும் வருவதில்லை. அப்படி வரவேண்டும் என்று சட்டமும் இல்லை. 2017-18இல் புகையிலையால் வந்த நோய்களாலும் அகால மரணங்களாலும் நாட்டுக்கு உண்டான நஷ்டம் 1,77,341 கோடி ரூபாய் என்று ஓர் ஆய்வு கணித்தது. அதில் ஒரு பெரும் பங்கு மருத்துவமனை ரசீதாகவும், வேலைக்குப் போகாத நாளாகவும், அடகு வைத்த தாலியாகவும் குடும்பங்களின் தலையில்தான் விழுந்திருக்கும். இவ்வளவுக்கும் பிறகு 2025 செப்டம்பரில் ஜி.எஸ்.டி. மன்றம் பீடிக்கான வரியை 28 சதவீதத்திலிருந்து 18ஆகக் குறைக்க முடிவு செய்தது. பீடி சுற்றும் லட்சக்கணக்கான ஏழைப் பெண்களின் பிழைப்பு அதிலே இருக்கிறது என்பதை அறிவோம். வேறு தொழில் ஏற்படுத்திக் கொடுக்காமல் அவர்கள் வயிற்றில் அடிக்க நாங்கள் சொல்லமாட்டோம். ஆனாலும் சிகரெட்டைக் காட்டிலும் பீடி சாது என்று யாராவது நினைத்தால், எங்கள் வார்டுக்கு ஒருநாள் வந்துபோகலாம்.

இனி உள்ளாட்சிக்கு வருவோம். ஊர் மக்களின் ஆரோக்கியம் ஊர் நிர்வாகத்தின் பொறுப்பு என்பது நம் மாநிலத்துக்குப் புதிய கருத்தே அல்ல. 1939ஆம் ஆண்டின் சென்னைப் பொதுச் சுகாதாரச் சட்டம் இந்தியாவுக்கே முன்னோடி. அரசாங்க மானியம் நீங்கலான தன் வருமானத்தில் 30 சதவீதத்துக்குக் குறையாமல் ஒரு நகராட்சி பொதுச் சுகாதாரத்துக்கு ஒதுக்கவேண்டும் என்று அதில் எழுதினார்கள். குடிதண்ணீரும் சாக்கடையும் அந்தக் கணக்கிலேயே அடங்கும். கடலூரில் மழைக்காலத்தைப் பார்த்தவர்களுக்கு, சாக்கடையே அவ்வளவையும் விழுங்கிவிடும் என்பது தெரியும். காலராவும் அம்மையும் ஆட்களை வாரிக்கொண்டு போன காலத்துச் சட்டம் அது. இன்றைக்கு ஆட்களைக் கொண்டுபோவது மாரடைப்பும் பக்கவாதமும் புற்றுநோயும். கணக்குத் தலைப்புகள் மட்டும் பழைய நோய்களுக்கு ஏற்றபடியே இருக்கின்றன. 1992இல் நிறைவேறிய 73, 74ஆம் அரசியல் சட்டத் திருத்தங்களும் சுகாதாரத்தை ஊராட்சி, நகராட்சிப் பொருள்களின் பட்டியலில் சேர்த்தே வைத்திருக்கின்றன.

பணமும் ஒரு சமயம் வந்தது. பதினைந்தாவது நிதிக் குழு, 2021 முதல் 2026 வரையிலான ஐந்து ஆண்டுகளுக்கு இந்தியா முழுவதிலுமுள்ள உள்ளாட்சிகளின் வழியாகச் சுகாதாரத்துக்கு என்றே 70,051 கோடி ரூபாய் ஒதுக்கியது. அந்த ஒதுக்கீட்டில் தமிழ்நாட்டு நகரங்களில் எழும்பியவைதான் நகர்ப்புற நலவாழ்வு மையங்கள். 2023 ஜூனில் ஒரே நாளில் 500 மையங்களைத் திறந்தார்கள். மையம் ஒன்றுக்கு ஒரு மருத்துவர், ஒரு செவிலியர், ஒரு சுகாதார ஆய்வாளர், ஓர் உதவியாளர். காலை 8 முதல் 12 வரை, மாலை 4 முதல் 8 வரை.

அந்த மாலை நேரத்தைக் கவனியுங்கள். பழைய பட்டினம் துறைமுகத்திலும் சிப்காட்டிலும் மார்க்கெட்டிலும் கூலி வேலை செய்கிறவர் காலை பத்து மணிக்கு மருத்துவமனை வரிசையில் நின்றால் அன்றைய சம்பளம் போச்சு. மாலை ஆறு மணிக்குத் தெருமுனையில் ஒரு கதவு திறந்திருந்தால் வருவார். பீடியை விட நினைக்கிறவருக்கு வேண்டிய அறையும் வேண்டிய நேரமும் வேண்டிய செவிலியரும் அங்கே இருக்கிறார்கள். மேற்கொண்டு வேண்டியது கொஞ்சம்தான்: செவிலியருக்குச் சில நாள் பயிற்சி, தீராமல் இருக்கும்படி நிகோடின் சூயிங்கமும் பட்டையும், யார் எப்போது விட்டார் எப்போது மறுபடி தொட்டார் என்று எழுதிவைக்க ஒரு பதிவேடு, வராதவரைக் கூப்பிட ஒரு தொலைபேசி. இந்த நாலுக்கும் மாநகராட்சி வரவுசெலவில் ஒரு தலைப்பு வேண்டும். அதைத்தான் கேட்கிறோம்.

கிராமங்களில் வேறொரு வாசல் இருக்கிறது. 2021 ஆகஸ்டு 5ஆம் தேதி தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், மகளிர் நலத் தன்னார்வலர்கள் வீடு வீடாக வந்து ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கிறார்கள். தொற்றாநோய்ப் பரிசோதனைக்குத் தேசிய அளவில் வகுத்த படிவத்தில், பீடி சிகரெட் உண்டா, குட்கா உண்டா என்ற கேள்வியும் இருக்கிறது. உண்டு என்று ஒருவர் சொன்னால் அடுத்து அவரை எங்கே அனுப்புவது? கேள்வி வீட்டு வாசல் வரை வந்துவிட்டது, உதவி வரவில்லை.

இங்கிலாந்தில் நடந்தது

நகர சபையின் பணத்தில் இதை நடத்தமுடியுமா என்றால், இங்கிலாந்து நடத்திப் பார்த்திருக்கிறது. 1998இல் அந்த அரசாங்கம் வெளியிட்ட வெள்ளை அறிக்கைக்குப் பின், 1999இல் ஏழைப் பகுதிகள் சிலவற்றில் புகை நிறுத்த உதவி நிலையங்களைத் தொடங்கி, மறு வருடமே நாடு முழுவதும் பரப்பினார்கள். வருகிறவர் ஒரு நாளைக் குறித்துக்கொள்வார். அந்த நாள் முதல் வாராவாரம் ஆலோசகரைச் சந்திப்பார். மருந்தும் அங்கேயே ஏற்பாடாகும். நான்காம் வாரத்தில் ஒரு குழாயில் ஊதச்சொல்லி, மூச்சிலுள்ள கார்பன் மோனாக்சைடை அளந்து பார்ப்பார்கள். வாய்ப்பேச்சை மட்டும் நம்பாத அந்த ஏற்பாடு விடுகிறவருக்கும் பிடித்திருந்தது என்கிறார்கள். இறங்குகிற எண்ணைக் கண்ணால் பார்க்கலாம் அல்லவா?

2013 ஏப்ரலில் இந்தப் பொறுப்பு முழுவதும் நகர, மாவட்ட சபைகளுக்கு மாற்றப்பட்டது. பணமும் பொதுச் சுகாதார மானியமாகச் சபைகளுக்கே வந்தது. தெருவை அறிந்தவர்கள் நடத்தட்டும் என்ற எண்ணம் நல்ல எண்ணமே. ஆனால் 2015இல் நடு வருடத்திலேயே அந்த மானியத்தில் 20 கோடி பவுண்டு வெட்டினார்கள், அதற்குப் பிறகும் குறைத்தார்கள். சபைகள் எதைக் குறைப்பது என்று பார்த்தபோது பல இடங்களில் முதலில் கைவைத்தது புகை நிறுத்த உதவியிலேதான். குப்பை அள்ளாவிட்டால் மறுநாள் காலையில் சண்டை வரும். புகை நிறுத்த நிலையத்தை மூடினால் சண்டைக்கு வருகிறவர் யாருமில்லை, விட்டவர் தன் வேலையைப் பார்க்கப் போய்விட்டார், விடாதவர் வெட்கத்தில் பேசமாட்டார். கடைசியில் 2023 அக்டோபரில் அரசாங்கம் மனம் மாறி, ஆண்டுக்கு 7 கோடி பவுண்டு வீதம் ஐந்து ஆண்டுகளுக்கு, இந்த வேலைக்கு மட்டுமே என்று தனியாகக் கட்டிக் கொடுக்கப்போவதாக அறிவித்தது. 2024-25 முதல் அந்தப் பணம் சபைகளுக்குப் போகத் தொடங்கியது. எந்தப் பகுதியில் புகைபிடிப்பவர் எத்தனை பேரோ அதற்குத் தக்கபடி பங்கு.

நம் ஊருக்கு இதிலிருந்து எடுத்துக்கொள்ள இரண்டு காரியம் உண்டு. வேலையை உள்ளூர் சபையிடம் கொடுப்பது சரி. பணத்தைப் பொதுப் பையில் போட்டுக் கொடுத்தால் அது நிற்காது, பெயர் எழுதிக் கொடுக்கவேண்டும். நிதிக் குழுவின் மானியமும் இப்படித்தான்: ஐந்து வருடத்துக்கு ஒரு கணக்கு. கட்டின கட்டடம் அதற்குப் பிறகும் நிற்கும். உள்ளே மருந்து இருக்குமா என்பது, அந்தந்த ஊரார் கேட்டுக்கொண்டே இருப்பதைப் பொறுத்தது.

உள்ளூர் சபை அபராதத்தால் மட்டும் காரியத்தை முடித்துவிடலாம் என்று சொல்லுகிறவர்களும் உண்டு. நாகாலாந்தில் கோஹிமா மாவட்டத்து கரிஃபெமா என்னும் கிராமத்தில், கிராம சபையார் தாங்களே முடிவெடுத்துப் புகையிலையை நிறுத்தினார்கள். 2014 மே 31இல் அது இந்தியாவின் முதல் புகையிலையற்ற கிராமமாக அறிவிக்கப்பட்டது. ஒருவரை ஒருவர் முகமறிந்த சிறு கிராமத்துக்கு அது பொருந்தும். 45 வார்டுகள் கொண்ட கடலூரில், நாள்தோறும் வந்துபோகிறவர் ஆயிரக்கணக்கில் இருக்கையில், அபராத ரசீது மட்டும் என்ன செய்யும்? கூலிக்காரரின் நூறு இருநூறை வாங்கிக்கொண்டு அவரை மறுபடியும் அதே பெட்டிக்கடைக்கு அனுப்பும். அபராதம் வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. ரசீதின் பின்புறத்தில் அருகிலுள்ள மையத்தின் விலாசத்தை அச்சிட்டால் என்ன என்றுதான் கேட்கிறோம். புகையிலை விற்கும் கடைகளுக்கு உள்ளாட்சி வழியாகத் தனி உரிமம் கொடுக்கலாம் என்று மத்திய சுகாதார அமைச்சகம் 2017இலேயே மாநிலங்களுக்கு எழுதியது. அப்படி வரும் உரிமக் கட்டணம் சூயிங்கம் வாங்கவாவது உதவும்.

மிஷன் ஏன் செய்கிறது?

நாங்கள் செய்வதெல்லாம் சிறிய அளவில்தான். உள்நோயாளிகளோடு படுக்கையருகில் பேசுகிறோம். வீட்டுக்குப் போனபின் திரும்பி வரச் சொல்லுகிறோம். கையில் காசில்லாதவருக்குச் சூயிங்கம் வாங்கிக் கொடுக்கிறோம். ஓர் அட்டைச் சூயிங்கத்தின் விலையில் பல கட்டு பீடி வாங்கலாம் என்பதால், சொந்தக் காசில் அதை வாங்கும்படி கூலிக்காரரிடம் சொல்வது வீண். உங்கள் காணிக்கை இதற்குத்தான் போகிறது.

நாங்கள் நன்றாகச் செய்யச் செய்ய, "அதுதான் மிஷன் பார்த்துக்கொள்கிறதே" என்று நகரம் கையைக் கழுவிவிடுமோ என்ற பயமும் எங்களுக்கு இருக்கிறது. தர்ம ஸ்தாபனங்களுக்கு எப்போதும் உள்ள ஆபத்து இது. ஆனால் நேர்மாறாகவும் நடந்திருக்கிறது. தொழுநோயாளியைத் தொட ஆளில்லாத காலத்தில் மிஷன் மருத்துவமனைகள் தொட்டன. 1981இல் உலக சுகாதார நிறுவனம் கூட்டுமருந்துச் சிகிச்சையைச் சிபாரிசு செய்தது. 1983இல் தேசிய ஒழிப்புத் திட்டம் ஏற்பட்டது. பின்பு அந்த மருந்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகக் கிடைக்கிற நிலை வந்தது. காசநோய்க்கும் அப்படியே. இன்றைக்குக் காசநோய் மாத்திரைக்கு யாரும் எங்களிடம் காணிக்கை கேட்கச் சொல்வதில்லை, நாங்களும் கேட்பதில்லை. ஆனால் அந்தக் காசநோய்க்காரரே மாத்திரையோடு பீடியும் பிடித்துக்கொண்டிருந்தால் அவருக்குச் சாவு நெருக்கமாகிறது. மாத்திரையை அரசாங்கம் வீடு தேடிக் கொடுக்கிறது, பீடியை விடுவதற்கு யாரும் கைகொடுப்பதில்லை.

ஆகவே எங்கள் நோக்கம், இந்தச் செலவை என்றென்றும் சுமப்பது அல்ல. இதை எப்படிச் செய்வது, ஒருவருக்கு எத்தனை சந்திப்பு வேண்டும், எவ்வளவு மருந்து செலவாகிறது, எத்தனை பேர் திரும்பி வருகிறார்கள் என்று ஒழுங்காக எழுதிவைத்து, நகரத்தாரிடம் கொண்டுபோய்க் காட்டுவதற்கே செய்கிறோம். எங்களைச் சுற்றிலும் வசதிகள் இல்லாமலில்லை. மஞ்சக்குப்பத்தில் மாவட்டத் தலைமை மருத்துவமனை இருக்கிறது. சிதம்பரத்தில் முன்பு ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரியாக இருந்தது இப்போது அரசு மருத்துவக் கல்லூரி; பக்கத்திலேயே பல் மருத்துவக் கல்லூரியும் உண்டு. வாய்க்குள் வெள்ளைத் தழும்பை முதலில் பார்ப்பவர் பல் மருத்துவரே. செவிலியர்களுக்குப் பயிற்சி கொடுக்க வெகுதூரம் போக வேண்டியதில்லை.

வயது போய்விட்டது, இனி விட்டு என்ன பிரயோஜனம் என்று கேட்கிறவர்களுக்காக ஒரு கணக்கைச் சொல்லுகிறோம். பிரிட்டனில் 1951 முதல் ஐம்பது ஆண்டுகள் மருத்துவர்களையே தொடர்ந்து கவனித்து 2004இல் முடிவை வெளியிட்டார்கள். கடைசிவரை சிகரெட் பிடித்தவர்கள், பிடிக்காதவர்களைவிடச் சுமார் பத்து ஆண்டு முந்திப் போய்விட்டார்கள். அறுபதில் விட்டவருக்கு ஏறக்குறைய மூன்று ஆண்டு திரும்பக் கிடைத்தது, ஐம்பதில் விட்டவருக்கு ஆறு, நாற்பதில் ஒன்பது, முப்பதில் விட்டவருக்குப் பத்தும். பணக் கணக்கும் சொல்லலாம். ஒருவர் நாளைக்கு 30 ரூபாய் பீடிக்குச் செலவழிப்பதாக வைத்துக்கொண்டால் வருடத்துக்கு 10,950 ரூபாய். பிள்ளையின் புத்தகமும் சீருடையும் அதற்குள் வந்துவிடும்.

நீங்கள் செய்யக்கூடியது

கடலூர் 1866 முதல் நகராட்சியாக இருந்து 2021இல் மாநகராட்சியானது. தமிழக நகரங்களில் 2022 நவம்பர் 1ஆம் தேதி முதல் வார்டுகளில் பகுதி சபைக் கூட்டம் நடத்தும் வழக்கம் ஆரம்பித்திருக்கிறது. அங்கே தெருவிளக்கையும் தண்ணீரையும் பற்றிப் பேசுவார்கள். அவற்றோடு, "நம் வார்டு நலவாழ்வு மையத்தில் புகையிலையை விட விரும்புகிறவருக்கு என்ன இருக்கிறது? நிகோடின் சூயிங்கம் இருப்பில் உண்டா?" என்று ஒருவர் எழுந்து கேட்டால் போதும், அது குறிப்பேட்டில் ஏறும். கிராமத்திலிருக்கிறவர்களுக்கு ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருடத்துக்கு ஆறு கிராம சபைக் கூட்டம். நம் மாவட்டத்து ஊராட்சித் தலைவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரியில் முடிந்து நிர்வாகம் தனி அலுவலர்களிடம் போனது. நாற்காலியில் யார் உட்கார்ந்திருந்தாலும் கிராம சபையில் கேட்கிற உரிமை ஊராருக்கு உண்டு. தீர்மானமாகவே எழுதச் சொல்லலாம். வாய்ப்பேச்சாகக் கேட்டதைவிட எழுத்திலிருப்பதற்குப் பலம் அதிகம்.

பெண்கள் ஐக்கியச் சங்கத்தார் இதைக் கையிலெடுத்தால் காரியம் சீக்கிரம் நடக்கும் என்பது எங்கள் அனுபவம். வீட்டில் பீடிக் காசு எவ்வளவு என்று அவர்களுக்குத்தான் சரியாகத் தெரியும். சபைக் கமிட்டியார், ஆலய மண்டபத்தை வாரத்தில் ஒரு மாலை, விட்டவர்களும் விட முயல்கிறவர்களும் கூடிப் பேசுவதற்குத் திறந்து கொடுக்கலாம். எந்த மதத்தாரும் வரலாம், அங்கே பிரசங்கம் இருக்கக்கூடாது என்பது எங்கள் வேண்டுகோள். வருகிறவர் நோயை நினைத்து வருகிறார், அதைப் பற்றியே பேசட்டும்.

வீட்டில் இன்றைக்கே ஆரம்பிக்க விரும்புகிறவர்கள் 1800-11-2356 என்ற எண்ணுக்குப் பேசலாம், கட்டணமில்லை, தமிழிலும் பதில் சொல்லுகிறார்கள். ஒரு நாளைக் குறித்துக்கொள்ளுங்கள். அதற்கு முந்தின இரவே வீட்டிலுள்ள பீடி, தீப்பெட்டி, சாம்பல் தட்டு எல்லாவற்றையும் அப்புறப்படுத்துங்கள். ஆசை எழும்பினால் சில நிமிடங்கள் பொறுத்துக்கொண்டு ஒரு செம்பு தண்ணீர் குடியுங்கள், அது தணியும். மூன்றாம் நாள் கடினமாக இருக்கும் என்று மனைவி பிள்ளைகளுக்கு முன்னதாகவே சொல்லிவையுங்கள். வாயில் ஆறாத புண்ணோ வெள்ளைத் தழும்போ இருந்தால் காத்திராமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.